சம்மாட்டியின் தலைமுடியும் என் முதல் பாட்டும்

என் முதல் ஸ்டூடியோ அம்மாவின் அலுமாரி. கதவுகளைத் திறந்து, லப்டொப்பை நடுத்தட்டில் வைத்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டால் தெருச்சத்தம் வராது. தொங்கும் சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும். பூச்சி உருண்டை மணத்தில் என் இசைவாழ்க்கை தொடங்கியது என்று சொன்னால் கொழும்புப் பொடியன்மார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு அலுமாரிகூட இருக்கவில்லை.

யுத்தம் முடிந்து, கற்பிட்டிப் பாதையில் சோதனைச்சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, எங்கள் ஊரான மாம்புரியில் எல்லார் கையிலும் போன் வந்திருந்த காலம். நான் ஹிப் ஹொப் பாட்டுகளுக்கு பீட் செய்பவன். மாதத்தில் ஒரு ஞாயிறு கொழும்புக்குப் பஸ் ஏறுவேன். அங்கே மூடிப்போன தையல்கடை ஒன்றின் பின்னறையில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். சிலர் சிங்களத்தில் பாடுவார்கள், சிலர் தமிழில் பாடுவார்கள், நான் பீட்டை ஓடவிடுவேன். இதற்கு அண்டர்கிரவுண்ட் என்று பெயர். அது என்ன என்று அம்மா கேட்டா.

"ரேடியோவில போடாத பாட்டும்மா."

"போடமாட்டானுகளா, போட ஏலாதா?"

நான் தலையை அலுமாரிக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்தப் பின்னறையில் எல்லாருடைய பீட்டும் ஒரே மாதிரி இருந்தது. எல்லாரும் இன்டர்நெட்டில் ஒரே இடத்தில் இறக்கிய ஒரே மேளம். யாரிடமும் இல்லாத சத்தம் ஒன்று எனக்கு வேண்டும் என்று அலைந்தேன். அது தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தது.

அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், கரைவலையில் இழுவைப் பாட்டான அம்பா பாடுகிறவர். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். அத்தான் ஒரு அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஒரே மூச்சில் இழுப்பார்கள். அடிகளை அவரே அந்தந்த நேரத்துக்குக் கட்டுவார். யாரையாவது கிண்டல் பண்ணாமல் அவருக்கு அடி வராது. தேவாலயத்துப் பங்குச்சாமியின் மோட்டார் சைக்கிள், என் அக்காவின் சமையல், எதையும் விடமாட்டார். அதிகம் மாட்டுகிறவர் சம்மாட்டி, வலைக்குச் சொந்தக்காரர். அறுபது வயதிலும் தலைக்குக் கறுப்பு மை அடித்து, அது கரைந்துவிடும் என்று கடலில் கால் நனைக்காதவர்.

'சம்மாட்டி தலை கறுப்பு, ஏலேலோ,
தண்ணி பட்டா வெளுத்துப்போம், ஏலேலோ.'

இருபது வருடமாக இதைப் பாடுகிறார்கள். சம்மாட்டி இருபது யார் தூரத்தில் குடையோடு நின்று, காது கேளாதவர்போல வேறு பக்கம் பார்ப்பார். எங்கள் கரையில் அதுதான் வழக்கம். கயிறு பிடித்தபடி பாடியதை, கயிறு விட்டபிறகு யாரும் எடுத்துக் கதைக்கமாட்டார்கள். பாடியவனும் கேட்டவரும் பிறகு ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள்.

இது எனக்கும் தெரியும். கைக்குழந்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஒருநாள் காலையில் போனைப் பதிய விட்டு, சொப்பிங் பையில் சுற்றி, சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டு, வேடிக்கை பார்ப்பவன்போலக் கயிற்றோரம் நடந்தேன்.

அலுமாரிக்குள் அந்த இரண்டு அடியை வெட்டி எடுத்தேன். கொஞ்சம் மெதுவாக்கினேன். அடியில் கனமான மேளம் ஒன்றை வைத்தேன். அத்தானின் தொண்டைக் கரகரப்பும், கயிறு மணலில் உரசுகிற சத்தமும் அப்படியே இருந்தன. அந்த ஞாயிறு தையல்கடைப் பின்னறையில் அதைப் போட்டபோது, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத பொடியன்மார் 'ஏலேலோ' என்று கத்தினார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். அதற்குமுன் என்னை யாரும் திரும்பப் போடச் சொன்னதில்லை. எனக்கு நிலத்தில் கால் படவில்லை. கேட்டவர்கள் எல்லாருக்கும் போனுக்குப் போன் அனுப்பிவிட்டு, பஸ்ஸில் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பாட்டு எனக்குப் பின்னாலேயே வந்துவிட்டது. தலவில தேவாலயத்து மார்ச் திருநாளுக்குச் சம்மாட்டி குடும்பத்தோடு போயிருக்கிறார். கோயில் வளவுக்கு வெளியே வரிசையாக நின்ற ஓட்டோக்களில் மூன்றில் அவருடைய தலைமுடி ஓடிக்கொண்டிருந்ததாம். சிலாபத்திலிருந்து வந்த, அவரை முன்பின் தெரியாத பிள்ளைகள் அதற்கு ஆடினார்களாம். அவருடைய மகளே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

அடுத்தநாள் காலை அவர் அத்தானிடம் சத்தம் போடவில்லை. "நீ கயித்தத் தொடாத" என்று மட்டும் சொன்னார். மாம்புரியில் ஒரு சம்மாட்டி அப்படிச் சொன்னால் மற்றச் சம்மாட்டிமாரும் எடுக்கமாட்டார்கள். அத்தானுக்கு வேறு தொழிலும் தெரியாது.

பின்னேரம் அக்கா வந்தா. நான் தலையை உள்ளே விட்டுக்கொண்டு இருந்தேன். சேலைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவவின் குரல் வந்தது.

"நீ இதுக்குள்ள இருந்துக்கிட்டு என்ட அடுப்ப அணைச்சிட்டாய், என்ன?"

தலையை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அத்தானைக் கேட்காமல் அவருடைய குரலை எடுத்தேன் என்பது அதுவரை எனக்கு உறைக்கவேயில்லை. கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் சம்மாட்டி வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். தலை புது மையில் பளபளத்தது.

"பிழை என்னில, சம்மாட்டி. அத்தானுக்கு ஒண்டும் தெரியாது. எல்லாத்தையும் அழிச்சுப்போடுறன்."

"போன்ல இருக்கிறத அழிப்பாய். ஆக்கள்ட வாயில இருக்கிறத?"

நான் போனைத் திரும்பச் சாரத்து மடிப்பில் செருகினேன்.

"அவன் பாடுறது எனக்குக் கேக்காது எண்டா நினைச்சாய்? நானும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சிருக்கன். கயித்துல பாடினதக் கயித்துல விடோணும். அத நீதான் கொண்டுபோனாய். நீயே வந்து கயித்தப் பிடி. சோளகக் காத்தோட பருவம் முடிஞ்சு வலை ஏத்துற வரைக்கும் பிடி. அவன் பாடட்டும். ஆனா இனி என்னைப் பாடப்படாது, உன்னைப் பாடோணும்."

அந்த ஞாயிறு கொழும்பில் நான் பீட் ஓடவிடும் மேசைக்குப் பின்னால் வேறொருவன் நின்றான். நான் கயிற்றில் நின்றேன்.

தாளம் போடுகிறவன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவனுக்கு அங்கே தாளம் பிடிபடவில்லை. ஒவ்வொரு 'ஏலேலோ'வுக்கும் அரை மூச்சு முந்தி இழுத்து, எனக்கு முன்னால் நின்றவரின் முதுகில் போய் முட்டினேன். உள்ளங்கை இரண்டும் உரிந்தன. அத்தான் அத்தனை நாளும் வீட்டில் இருந்த கோபத்தை எல்லாம் சேர்த்துவைத்திருந்தார்.

'அலுமாரிக்குள்ள வளர்ந்த பிள்ள, ஏலேலோ,
அம்மாட சேலைக்குப் பாடுற பிள்ள, ஏலேலோ,
தாளம் போடப் போனவன, ஏலேலோ,
தள்ளி நிண்டு இழுக்கச் சொல்லு, ஏலேலோ.'

கயிற்றில் நிற்பவன் என்பதால் என்னைப் பற்றிய அடிக்கு நானும் 'ஏலேலோ' சொல்லவேண்டும். சொன்னேன். மீன் பொறுக்க வந்த பெண்கள் கடகப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தா, அத்தனை நாளைக்குப் பிறகு. சம்மாட்டி குடையை மடக்கிவிட்டு, இந்தமுறை எங்கள் பக்கமே திரும்பி நின்று சிரித்தார். வலையின் மடி கரைக்கு வந்தபோது அதற்குள் நிறையச் சூடை மீன் இருந்தது.

பருவம் முடிந்து வலை ஏற்றியபிறகு, அந்தப் புது அடிகளைப் பதியலாமா என்று அத்தானிடம் கேட்டேன். வாழ்க்கையில் முதல்தடவை கேட்டேன். சம்மாட்டியிடமும் கேட்டேன். இருவரும் ஓம் என்றார்கள். ஆனால் அலுமாரி முன்னால் நின்ற அத்தானுக்கு வாய் வரவில்லை. கையில் கயிறு இல்லாமல் அவருக்குப் பாட ஏலாது. அலுமாரிக் காலில் ஒரு கயிற்றைக் கட்டிக் கொடுத்தேன். நாலாவது அடியில் கதவு ஒன்று கழன்று விழுந்தது. பாட்டின் நடுவில் வரும் பெரிய அடி எந்த மேளம் என்று இப்போதும் என்னிடம் கேட்கிறார்கள். அம்மாவிடம் கேட்கச் சொல்வேன்.

பழைய பாட்டை நான் எங்கும் போடுவதில்லை. கேட்டாலும் போடுவதில்லை. என்னைக் கிண்டல் பண்ணுகிற பாட்டைத்தான் போடுகிறேன்.

அடுத்த பருவம் தொடங்கிய அன்று சும்மா கரைக்குப் போனேன். சம்மாட்டி கை காட்டிக் கூப்பிட்டார்.

"கொழும்புல இப்ப யார்ட பாட்டுப் போகுது?"

"என்ட பாட்டு, சம்மாட்டி."

அவர் குடையைச் சரிசெய்தார்.

"என்ட பாட்டுக்குத்தான் ஆக்கள் கூடுதலாச் சிரிச்சவங்க, என்ன?"

"ஓம், சம்மாட்டி."

அவர் காது கேளாதவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.