காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர்

எஸ்.டி.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு முடித்த வருடம் தெப்ராவில் ஒரு தொழிற்சாலைக்கு விண்ணப்பித்தேன். வாரத்தில் நான்கு நாள் அங்கே வேலை, ஒரு நாள் ஸ்கூடாயில் பல்கலைக்கழக வகுப்பு. நான்கு வருடத்தில் பட்டம். இணையத்தில் நடந்த கணிதச் சோதனையில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்கு அப்பா விடுப்பு எடுத்து, பெக்கான் நானாஸிலிருந்து என்னைக் கொண்டுபோய் விட்டார்.

காத்திருந்த அறையில் என் பக்கத்தில் கூலாய் ஊரிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். நான் சான்றிதழ்களைத் திரும்பத் திரும்ப அடுக்குவதைப் பார்த்துவிட்டாள்.

"பயப்படாத லா. உன்னப் பத்திச் சொல்லுன்னுதான் மொதல்ல கேப்பாங்க. எங்கிட்ட சொல்லிப் பாரு."

மூன்று முறை என்னை ஆங்கிலத்தில் பேசவைத்துத் திருத்தினாள். பிறகு அவளை உள்ளே அழைத்தார்கள். அந்த நேரத்தில் ஓர் அதிகாரி வந்து எங்களுக்கு விதிமுறைகளைச் சொன்னார். தேர்வானவர் வீட்டில் ஏதாவது அவசரம் என்றால், கடிதம் கொடுத்து ஒரு வருடம் தள்ளிச் சேரலாம் என்றார். உள்ளே இருந்த அவள் காதில் அது விழவில்லை. கிளம்பும்போது இருவரும் கைபேசி எண்ணைப் பரிமாறிக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அவளை விசாரித்தேன், அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நான் காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆள். யாராவது விலகினால் அந்த இடம் எனக்கு.

அன்றிலிருந்து தினமும் அவளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். மெடிக்கல் செக்கப் போனியா, சேர்க்கைப் பாரம் அனுப்பிட்டியா என்று. அவள் அதை அக்கறை என்று நினைத்தாள். பதில் வரத் தாமதமானால் எனக்குள் ஒரு நப்பாசை எழும். கோயிலில் நின்றபோது, யாராவது ஒருவர் சேராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் பெயரைச் சொல்லி வேண்டவில்லைதான்.

சேர ஒரு வாரம் இருக்கும்போது அவள் அழைத்தாள். மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அவள் அப்பா விபத்தில் சிக்கி, காலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தார். தம்பி, தங்கை இருவரும் பள்ளியில்.

"மாமா சிங்கப்பூர்ல எனக்கு வேல இருக்குன்றாரு. அம்மா ஒன்னும் சொல்லாம அழுவுறாங்க. நா என்ன செய்யட்டும், நீ சொல்லு."

ஒரு வருடம் தள்ளிச் சேரலாம் என்ற அந்த விதி என் நாக்கு நுனியில் இருந்தது.

"வீடுதானே முக்கியம்," என்றேன். "படிப்ப எப்ப வேணாலும் படிச்சிக்கலாம்."

"ஆமால்ல," என்றாள்.

மூன்றாம் நாள் தொழிற்சாலையிலிருந்து என்னை அழைத்தார்கள். அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டார். "ஒனக்காச்சும் கெடச்சிச்சே" என்று அவளும் மனதார வாழ்த்தினாள்.

சொல்லாமல் விட்டதை இரண்டு வருடம் சுமந்தேன். முடியாமல், போன மாதம் கூலாய்க்குப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்," என்றாள்.

"இந்த வருஷம் போட்டுப் பாரேன். பாரம் நா எடுத்துத் தரேன்," என்றேன்.

"இருவத்தோரு வயசுக்குள்ள இருக்கணும் லா. எனக்குத் தாண்டிருச்சி. நா வருஷா வருஷம் அந்த விளம்பரத்தப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மறுநாள் எனக்கு வகுப்பில் தேர்வு இருந்தது. எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது.