புளி போட்டுத் தேய்த்த கியர்

எங்கள் காரின் கியர் உருண்டையில் இருந்த எண்களை அழித்த புண்ணியவதி நான்தான். ஆயுத பூசைக்கு முந்தின நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். காரையும்தானே கும்பிடப் போகிறோம் என்று அந்த உருண்டையையும் சேர்த்துத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்ந்து கிடந்த வெள்ளை எழுத்து சுத்தமாகப் போய்விட்டது. பத்து வயதில் எனக்கு அவ்வளவு பக்தி.

வேறு சமயமாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு அப்போதுதான் நத்தம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. எங்கள் சாணார்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் அம்மா கார் ஓட்டப் பழகினாள்.

“ஞாயித்துக்கெழம நத்தம் வரைக்கும் ஓட்டிக் காட்டு. அப்பறம் வேலைல சேரு” என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

அம்மாவோ டிரைவிங் ஸ்கூல் காரில் எண்ணைப் பார்த்துப் பார்த்தே கியர் போட்டவள். மொட்டை உருண்டையைக் கண்டதும் முகம் செத்துவிட்டது.

“ஏண்டி, இதையுமா தேய்ப்ப? அப்படியே வெளக்குமாத்தையும் தேச்சு வைக்க வேண்டியதுதானே!”

நான் அழுத அழுகையில் மனமிரங்கி, அம்மாவின் தம்பியான மாமா திண்டுக்கல்லுக்குப் போய்ப் புது உருண்டை வாங்கிவந்து மாட்டினார். பளபளவென்று இருந்தது. அது வேறு மாடல் காருக்கானது என்று யார் கண்டது! எங்கள் காரில் ரிவர்ஸ் வலப்பக்கம் கீழே. அதிலோ, எங்கள் காரில் முதல் கியர் விழும் இடப்பக்க மேல் மூலையில் போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால் உட்கார்ந்தார். நானும் மாமாவும் பின்னால். வாசலிலிருந்து பின்னால் எடுக்க வேண்டிய காரை, எழுத்தை நம்பி அம்மா முன்னால் விட்டாள். ஆத்தாடி! கார் நேரே போய் வைக்கோல் படப்பில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. போச்சு, என்னால் அம்மாவின் வேலை போச்சு என்றே முடிவு செய்துவிட்டேன்.

அம்மா புது உருண்டையைத் திருகிக் கழற்றி மாமா மடியில் போட்டாள்.

“பழச எடுத்தாடா.”

“அதுல எழுத்தே இல்லியேக்கா?”

“எழுத்தப் பாத்துத்தான் படப்புல கொண்டு விட்டேன். ஓடிப் போயி எடுத்தா.”

பழையதை மாட்டி, அதைப் பார்க்காமலே கியர் போட்டாள். கார் சமர்த்தாகப் பின்னால் வந்து ரோட்டில் ஏறியது. லாரியும் ஆட்டு மந்தையும் தாண்டி நத்தம் ரோட்டில் அம்மா ஓட்டிய ஓட்டு இருக்கிறதே, எனக்குக் கைதட்டத் தோன்றியது. அப்பாவைப் பார்த்தால், சீட்டைச் சாய்த்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்!

எனக்கு வந்ததே ஆத்திரம். “அம்மா இம்புட்டுத் தூரம் ஓட்டுறா, நீங்க தூங்குறீங்களேப்பா!” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“செத்த நேரம் தூங்கட்டும், விடுடி” என்றாள் அம்மா. அவள் முகமெல்லாம் சிரிப்பு. கோபப்பட வேண்டியவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அம்மா வேலையில் சேர்ந்தாள்.

இப்போது நானும் கார் ஓட்டுகிறேன். பக்கத்தில் உட்காரும் என் வீட்டுக்காரர், வத்தலக்குண்டு போய்ச் சேரும்வரை காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறார். அந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டால் போதும். ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுப்பேன்.