கட்டைவிரலைப் பார்த்து இழுத்த கயிறு

ஏழு ஞாயிற்றுக்கிழமையாக என் தோஸ்து மலைக்கு வரவில்லை. இனிமேல் வருவானா மாட்டானா என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது கவலை. மற்ற கவலைகளையெல்லாம் நானே பார்த்துத் தீர்த்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டேன். பதினைந்து வயதில் ஹார்பரில் மூட்டை தூக்கப் போனேன். இன்றைக்கு என் பேரில் ஆறு டிரெய்லர் ஓடுகிறது, திருவொற்றியூரில் மூன்று மாடி வீடு நிற்கிறது. எவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. அப்பேர்ப்பட்டவன் வாராவாரம் விடிகாலையில் ஸ்டேஷனில் நின்று, வருகிற ரயிலின் ஜன்னல் ஜன்னலாக ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றால் கோபம் வருமா வராதா?

எங்கள் தெருவில் கேட்பார்கள், எண்ணூர்ப் பக்கத்தானுக்கு ஏது மலை, கொடுங்கையூர் குப்பைமேடு பத்தாதா உனக்கு என்று. சிரிக்கட்டும். எங்கள் ஏரியாவில் உயரம் என்றால் குப்பைமேடு, சாம்பல்மேடு, அடுக்கி வைத்த கன்டெய்னர், அவ்வளவுதான். ஆனால் கும்மிடிப்பூண்டி வரைக்கும் லோக்கல் ரயில் போகிறதே. அங்கே இறங்கி ஷேர் ஆட்டோவில் ஆந்திரா எல்லையைத் தாண்டி, ஒரு ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடந்தால் மலை வந்துவிடும். அதற்குப் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. மலை என்போம், தீர்ந்தது. ஆறு வருஷமாக ஏறுகிறோம், நானும் அவனும்.

அவன் ராயபுரத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவான். நான் திருவொற்றியூரில் ஏறித் துண்டை எடுத்து அவன் மடியில் எறிந்துவிட்டு உட்காருவேன். மலையின் முதல் மேடு ஏறியதும் மூக்கு திறக்கும். வருஷக்கணக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிற நிலக்கரித்தூள், லாரிப்புழுதி எல்லாம் சளியாக வெளியே வரும். இரண்டு பேரும் அசிங்கம் பார்க்காமல் துப்புவோம். நடு மலையில் ஓடை. குளித்துவிட்டு, அவன் பெண்சாதி கட்டிக் கொடுக்கிற இட்லியும் கருவாட்டுத் தொக்கும். உச்சியில் நின்றால் தெற்கே மெலிசாக ஒரு கோடு தெரியும். எண்ணூர் புகைபோக்கி என்பேன் நான். பனைமரம் என்பான் அவன். ஆறு வருஷமாக இந்த வழக்குத் தீரவில்லை.

இந்த வயதில் என்னோடு ஏறி ஈடுகொடுக்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது. சும்மா சொல்லவில்லை. என் டிரைவர்கள் இரண்டு பேரைக் கூட்டிப்போனேன், முப்பது வயதுப் பசங்கள், பாதியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அவனும் நானும் எப்படிப் பழக்கம் என்று சொன்னால்தான் மீதி புரியும். மூட்டை தூக்கியதற்கு அப்புறம் கப்பலில் வின்ச் ஓட்டினேன். சரக்கை அடித்தட்டிலிருந்து தூக்கி இறக்குகிற இயந்திரம் அது. ஓட்டுகிறவனுக்குக் கீழே என்ன நடக்கிறது என்றே தெரியாது. கப்பலின் சரக்குப் பள்ளத்து விளிம்பில் ஒருத்தன் நின்று கையைக் காட்டுவான். அவன்தான் சிக்னல்மேன். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு. கட்டைவிரலை மேலே காட்டினால் தூக்கு. வாயால் சொல்வதானால் ‘ஆரியா’ என்றால் இறக்கு, ஆனால் வின்ச் போடுகிற சத்தத்தில் வாய் எங்கே கேட்கும்? அதனால் ஒரே சட்டம்: கையை மட்டும் பார், எவன் கத்தினாலும் காதில் வாங்காதே. கத்தலைக் கேட்டு லீவரைத் தொட்டவன் ஆளைக் கொன்றிருக்கிறான். நான் தொட்டதில்லை. பதினெட்டு வருஷம், என் வின்ச்சில் ஒருத்தனுக்கு ஒரு கீறல் கிடையாது. அந்தப் பதினெட்டு வருஷமும் எனக்குக் கை காட்டினவன் இந்தத் தோஸ்துதான்.

கடைசியாக அவன் என்னோடு மலைக்கு வந்த அன்றைக்கு ஓடைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் இருந்தது. மலையேறுகிற கிளப்பாம். இருபது பேர், ஒரே கலரில் பனியன், தலையில் ஹெல்மெட், இடுப்பில் வளையம் வளையமாகக் கொக்கி. வழக்கமாக நாங்கள் இறங்குகிற பாதையில் மழைக்கு மண் சரிந்துபோய், ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பாறை மொட்டையாக நின்றது. அவர்கள் மேலே மரத்தில் கயிற்றைச் சுற்றி ஒவ்வொருத்தராக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற தலைவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் பார்த்து, அங்கிள், சீனியர்ஸுக்கு இது வேண்டாம், வந்த வழியே திரும்பிப் போயிடுங்க என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நீ பிறக்கும் முன்னாலேயே நான் கயிற்றில் தொங்கி இறங்கியவன் தம்பி, கயிற்றைக் கொடு, என் ஆளை நான் இறக்கிக்கொள்கிறேன் என்றேன். தோஸ்து வேண்டாம் என்று சொல்லவில்லை. அவனுக்கும் ரோஷம் உண்டு. இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து விளிம்பைத் தாண்டினான். மரத்தில் ஒரு சுற்றுப் போட்ட கயிறு என் கையில். எனக்குப் பின்னால் கிளப் ஆட்கள் இரண்டு பேர் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள்.

பாதி இறங்கிவிட்டான். பாறை மறைத்ததால் அவன் எனக்குத் தெரியவில்லை. தலைவன் மட்டும் தெரிந்தான். பளபளவென்று ஹெல்மெட், நிமிர்ந்து நிற்கிறான், கட்டைவிரலை மேலே காட்டுகிறான்.

இழுத்தேன்.

கீழேயிருந்து என் தோஸ்து கத்துவது கேட்டது. “ஆரியா! ஆரியாடா!” கேட்டது, நன்றாகவே கேட்டது. கட்டைவிரல் இன்னும் மேலேயே இருந்தது. இன்னொரு இழுப்பு இழுத்தேன். பின்னால் இருந்த இரண்டு தடியன்களும் சேர்ந்து இழுத்தார்கள். பாறை விளிம்புக்கு அடியில் அவன் முட்டி மாட்டிச் சடக்கென்றது. அந்தச் சத்தத்துக்கு அப்புறம்தான் தலைவன் இரண்டு கையையும் ஆட்டினான்.

‘சூப்பர்’ என்று காட்டினானாம். நல்லா இறக்குகிறீர்கள் அங்கிள், அதுதான் அர்த்தமாம். எந்த ஊரில் ஒரு மனுஷன் அந்தரத்தில் தொங்கும்போது சூப்பர் காட்டுவார்கள்? அவனைத் திட்டின திட்டை எழுத முடியாது. அந்தக் கூட்டமே முறை போட்டு என் தோஸ்தை ஏரிக்கரை வரைக்கும் தூக்கி வந்தது, ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வந்தது. அதிலும் எனக்கு ஆத்திரம். கெட்டவனாக இருந்தால் தீர அடித்திருக்கலாம்.

முட்டிச் சில்லில் விரிசல் என்றார் டாக்டர்.

மறுநாள் கல்மண்டபத்துக்கு, அவன் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கிளப்காரனின் கட்டைவிரலைப் பற்றி நான் ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

“அவன வுடு. நான் கத்துனது உனுக்குக் கேட்டுச்சா இல்லியா?”

கேட்டது என்றேன். ஆனால் சட்டம் என்ன, கையைத்தானே பார்க்கணும், நீ காட்டாத கையா என்றேன்.

“பதினெட்டு வருஷம் என் கையப் பாத்தவன் நீ. என் ரெண்டு கையும் கயித்துல கீது. வாய் ஒண்ணுதான் கீது. அத்த வுட்டுட்டு எவனோ வெரலப் பாக்கற.”

சிக்னல் என்று வந்துவிட்டால் தோஸ்து, அண்ணன், தம்பி கிடையாது என்று நான் சொன்னேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தப்பு என் பேரில்தான் என்று நீ வாயால் சொல்லு, அப்புறம் பார்ப்போம் என்றான். வாழ்க்கையில் நான் சொல்லாத வார்த்தை அது. டிரெய்லரை இடித்துவிட்டு வருகிற டிரைவரைத் தப்பு என்று சொல்ல வைப்பேனே தவிர, நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எழுந்தேன். வாசலில் அவன் பெண்சாதி என்னை நிறுத்தினாள்.

“அண்ணே, மல ஏறணும்னா பரங்கிமலைக்குப் போங்க. பஸ்ஸு கீது, படி கீது, புண்ணியமும் கீது. இந்த ஆள இனிமே இட்டுகினு போவாதீங்க.”

ஆறு வாரம் நான் போன் போடவில்லை. அவனும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் வரைக்கும் போவேன், ஜன்னல்களைப் பார்ப்பேன், ரயிலை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எல்லார் மேலும் எரிந்து விழுவேன். இந்தா, அந்தக் கிளப்பை விட்டேனா பார் என்பேன். மழை மேல் கோபம், பாறை மேல் கோபம், டாக்டர் மேல் கோபம்.

ஏழாவது வாரம் தனியாக ஏறினேன். யாரும் பேச்சுக்கு இல்லாததால் வேகமாகப் போய்விட்டேன், இந்த வயதில் ஒன்றரை மணி நேரத்தில் ஓடை. அந்தப் பாறை மேல், அதே மரத்தடியில் நின்று கீழே பார்த்தேன். தலைவன் நின்ற இடம் காலியாகக் கிடந்தது. அப்போதுதான் ஒன்று தைத்தது. ஹார்பரில் ஷிப்ட் தொடங்கும் முன்னாலேயே இன்னார்தான் சிக்னல்மேன் என்று சொல்லிவிடுவார்கள். அவன் கை மட்டும்தான் கை. வேறு எவன் ஆட்டினாலும் அது ஈ ஓட்டுகிற மாதிரிதான். அன்றைக்கு அந்த ஆளை எனக்கு சிக்னல்மேன் என்று யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. நானாக அவனைப் பார்த்தேன்.

ஏன் பார்த்தேன் தெரியுமா? ஹெல்மெட் போட்டிருந்தான்.

ஆறு டிரெய்லர், மூன்று மாடி, எவனுக்கும் தலை வணங்காதவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். தலையில் ஹெல்மெட்டும் வாயில் இங்கிலீஷும் வைத்துக்கொண்டு ஒருத்தன் விரலைத் தூக்கியதும், பதினைந்து வயதில் ஹார்பர் கேட்டில் கைகட்டி நின்ற அந்தக் கூலிக்காரன் உள்ளேயிருந்து எழுந்து, சரிங்க சார் என்று இழுத்துவிட்டான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொங்கினவன் கத்தினது அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. ஏழு வாரமாக ஊரில் உள்ளவன் மேலெல்லாம் காட்டின கோபம் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே வந்து சேர்ந்தது. அந்த மரத்தை ஓங்கி உதைத்தேன். காலில்தான் அடி.

உச்சிக்குப் போகாமல் இறங்கிவிட்டேன். திரும்புகிற ரயிலில் உட்கார்ந்து போன் போட்டேன். அவன் பெண்சாதி எடுத்து, அவரு தூங்கறாரு என்றாள். பின்னாலேயே யாரு, யாரு என்று அவன் குரல் கேட்டது. அவளிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“தப்பு என்னுதுதான் மாமு,” என்றேன்.

“இன்னாது?”

“தப்பு என்னுதுன்னேன்.”

“கேக்கல நைனா. ரயிலு சத்தமா கீது.”

ரயில் மீஞ்சூரில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மின்விசிறிகூட ஓடவில்லை. எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அந்த ஹெல்மெட் விஷயத்தையும் சேர்த்து, அடித்தொண்டையில் கத்திச் சொன்னேன். எதிர் சீட்டில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, யாராண்ட இவ்ளோ மன்னிப்பு என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். அவர்கள் சிரித்தார்கள். நான் முறைத்தேன்.

அப்புறம் அவன், ஓடையில் தண்ணி எவ்வளவு கீது என்று கேட்டான்.

“முட்டி வரைக்கும்.”

“எந்த முட்டி?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

திமிர் பிடித்தவன். எண்ணூர் வரைக்கும் வாய்க்குள்ளேயே அவனைத் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும், அவன் காலுக்குப் போட்டுக்கொள்ள முட்டிக்கவசம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று டிரைவர்களை விசாரிக்கச் சொன்னேன்.