குழாயில் சுற்றிய துணி

தென்கடல் தீவு நகரமான நுக்குஅலோபாவில் அனாசெய்னி தேய்த்த குழாயில் முகம் பார்த்துத் தலை சீவலாம். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பாய்ப் படிந்து இறுகும் ஊர் அது. மூன்று வருஷம்கூடப் பள்ளிக்கூடம் போகாதவள், விடுதிகளிலும் பெரிய வீடுகளிலும் அந்த வெள்ளைக் கறையை எடுத்தே சொந்த வீடு கட்டினாள். சிமெண்டுக் கறைக்கு விற்கும் ஆசிட்டில் துணி நனைத்து ஒரு தடவல், உடனே தண்ணீர் விட்டு அலசல். கைப்பதம் தப்பியதே இல்லை.

அவள் வீட்டுச் சமையலறைக் குழாயை மாட்டியவன் மகன் பௌலியாசி. ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனவன், விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்து தானே திருகி வைத்தான். திரும்பிப் போன மாதமே லாரி கவிழ்ந்து இறந்தான். அந்த வீட்டில் அவன் கை பட்ட வேலை அது ஒன்றுதான்.

வருஷம் முடிந்தது. புதன்கிழமை உறவெல்லாம் கூடி, அவளுடைய துக்கக் கறுப்பையும், அதன்மேல் இடுப்பில் சுற்றிக் கட்டிய துக்கப் பாயையும் கழற்றுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், ஒரு நிமிஷம் ஊறட்டும் என்று குழாய் முழுக்க ஆசிட் துணியைச் சுற்றிவிட்டு நிமிர்ந்தாள். கோயில் பாட்டுப் பயிற்சிக்கு வண்டி வந்துவிட்டது. திரும்பி வந்தவள் அசதியில் மறந்து படுத்துவிட்டாள்.

ஞாயிறன்று சாப்பிட வந்த நாத்தனார் கலோலைனிதான் முதலில் கேட்டாள்.

"அண்ணி, அந்தத் துணியை எடுத்துப் போட்டா என்ன? கர்த்தர் உங்க குழாயையா எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கார்?"

"நாப்பது வருஷமா ஓய்வுநாள்ல ஒரு கரண்டி தேய்ச்சதில்லடி நான். எனக்குத் தெரியாத ஆசிட்டா?"

"தெரியும், தெரியும். பரலோகத்துலயும் உங்களத்தான் குழாய் தேய்க்கக் கூப்பிடப் போறாங்க!"

கலோலைனி சிரித்துக்கொண்டே இன்னொரு சேம்பிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். அனாசெய்னியின் கண் துணியிலேயே இருந்தது. கை மட்டும் மடியை விட்டு எழவில்லை.

திங்கள் விடிந்ததும் பிரித்தாள். பளபளப்பெல்லாம் செதில் செதிலாகத் துணியோடு வந்தது. உள்ளே பித்தளை சிவந்து, குழிகுழியாக அரித்திருந்தது. வெளுத்துப்போன பிளாஸ்டிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினாள். வறட்டு மண்கட்டி மாதிரி அது உள்ளங்கையில் உதிர்ந்தது.

செவ்வாயன்றே கலோலைனி ஆள் பிடித்துப் புதுக் குழாய் மாட்ட வைத்தாள். புதன்கிழமை, உறவு பார்த்திருக்க, அண்ணியின் இடுப்பில் கட்டிய துக்கப் பாயை அவிழ்க்கக் குனிந்தாள். முடிச்சு பாதி அவிழ்ந்ததும் அனாசெய்னி அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க அண்ணி. வருஷம் ஆயிடுச்சு."

"எங்கடி ஆச்சு? திங்கக்கிழமைதானே போனான்."

கலோலைனி பாதி அவிழ்ந்த முடிச்சைத் தானே திரும்பக் கட்டிவிட்டாள்.