யூஜின் அண்ணனின் குண்டு எழுத்து

லிங்கராஜபுரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் யூஜின் அண்ணனின் கைவண்ணம் தெரியும். பிறந்தநாள், காதுகுத்து, புதுக் கோழிக்கடை, ஏன், சாவு பேனரில்கூட அதே எழுத்துதான். முனை எதுவும் இல்லாமல், உப்பிய பூரி மாதிரி குண்டு குண்டாக இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள்கூடப் படித்துவிடலாம். "அந்தக் குண்டு எழுத்துலயே போடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். எங்கள் பேனர் கடை முதலாளி பத்ரிநாத்துக்குப் பெருமை தாங்காது.

அது ஸ்டைல் இல்லை. அந்த எழுத்து மட்டும்தான் யூஜின் அண்ணன் கண்ணுக்குத் தெரிந்தது.

சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கியிருந்தது. தங்கவயலில் சுரங்கம் மூடியபோது பெங்களூருக்கு ரயிலேறி வந்தவர், வயது ஐம்பத்திரண்டு, கம்ப்யூட்டரில் எழுத்து அடிப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது. பார்வை போகிறது என்று தெரிந்தால் பத்ரிநாத் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் பொடி எழுத்து வந்தால், "ஜோவிதா, கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டேன், இத கொஞ்சம் படிம்மா" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. பேனர் அச்சடிக்கும் மெஷினை ஓட்டும் நான் எழுந்து போய்ப் படித்துச் சொல்வேன். இப்படியே இரண்டு வருஷம் ஓட்டினோம். பாவம் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஜூன் மாதம், மர்பி டவுன் ஐரின் அக்காவின் மகன் டேரில், பைக்கில் போய் லாரியில் அடிபட்டு இறந்தான். இருபத்தோரு வயது. ஒரு மணி நேரத்தில் அஞ்சலி பேனர் வேண்டும் என்று அவன் நண்பர்கள் வந்து நின்றார்கள். மார்ச்சில் அவனுடைய பிறந்தநாள் பேனரையும் நாங்கள்தான் செய்திருந்தோம். போட்டோ வெட்டித் தயாராக இருக்கிறதே என்று யூஜின் அண்ணன் அதே ஃபைலைத் திறந்தார். பலூன்களை எடுத்துவிட்டுச் சிலுவை வைத்தார். வாழ்த்தை அழித்துவிட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று குண்டாக அடித்தார். அடியில் ஒல்லி எழுத்தில் ஒரு வரி அப்படியே இருந்தது. மார்ச்சில் அதை அடித்தவளே நான்தான். அஞ்சலி பேனர் அடித்த அன்றைக்கு மெஷினில் மை அடைத்துக்கொண்டு என் உயிரை வாங்கியது. அவரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் படித்துப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், ஐரின் அக்கா பேனரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தனியாகக் கடைக்கு வந்தாள்.

"இத யாரு செஞ்சது?"

"நான்தாங்க" என்று யூஜின் அண்ணன் எழுந்தார்.

அக்கா பேனரை மேசையில் விரித்து, அடியில் கைகாட்டினாள். அண்ணன் குனிந்தார். மூக்கு பேனரில் படும் அளவுக்குக் குனிந்தார். பத்ரிநாத் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்த வரிம்மா?"

அக்கா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டித் தீர்க்கத்தான் வந்திருப்பாள். ஆனால் திட்டவில்லை. அவருடைய விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே தானே வாய்விட்டுப் படித்தாள்.

"எங்கள் டேரில் நூறாண்டு வாழ்க."

பத்ரிநாத் எழுந்து வந்து யூஜின் அண்ணனின் கம்ப்யூட்டரை அணைத்தார்.