ஒரு அடி டேங்க் கேட்டு வந்தவர்கள்

மே மாத மத்தியானம்... ஈரக் கண்ணாடியின் பாசி வாசமும் உப்பு வாசமும் கலந்து மூக்கில் ஏறும். மஞ்சக்குப்பத்தில், நான் முதன்முதலாக வேலைக்குப் போன கடல்மீன் தொட்டிக் கடை அது.

எங்கள் தேவனாம்பட்டினம் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான். பாடம் தெரியும். ஆனால் கஸ்டமர் உள்ளே வந்தால் கண்ணாடி துடைப்பதுபோல ஒதுங்கிவிடுவேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். அவரே ஒருநாள் சொல்லிவிட்டார். "இந்த மாசம் பாக்கறேம்மா. நாலு வார்த்த பேசலன்னா வேற ஆளுதான் பாக்கணும்."

அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சிதம்பரத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வந்தார்கள். கோமாளி மீனும் பவளமும் வளர்க்க ஆசையாம். இப்போதுதான் பழகுகிறோம், அதனால் ஒரு அடி டேங்க் போதும் என்றார் கணவர். அந்த அம்மா அதைக் கையிலேயே எடுத்துவிட்டார்.

பில் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் அந்த டேங்க் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்...

"சார்... புதுசா வைக்கறவங்களுக்குப் பெருசுதான் சார் ஈஸி. மூணு அடி எடுத்துக்குங்க."

அந்த அம்மா சிரித்தார். "வெல ஜாஸ்தியானத எங்க தலையில கட்டப் பாக்கறியா?"

காதெல்லாம் சூடாகிவிட்டது. சாலினிட்டி, எவாப்பரேஷன் என்று படித்ததை ஒப்பித்தேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைக்காரரும் வந்து வாசலில் நின்றார்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"அக்கா, மீன் கொழம்பு அடுப்புலயே கெடந்தா என்னா ஆவும்?"

"சுண்டும்."

"உப்பு?"

"கரிக்கும்."

"அதேதாங்க்கா. வெயிலுக்குத் தண்ணிதான் ஆவியாப் போவும். உப்பு உள்ளயே நின்னுடும். சின்னச் சட்டி சீக்கிரம் சுண்டிடும், ஒரே நாள்ல உப்பு ஏறிடும், பவளம் தாங்காது. பெரிய டேங்க்ல மெதுவாத்தான் ஏறும். பாத்து சரி பண்ண உங்களுக்கு டைம் இருக்கும்."

கணவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கொறையற தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். மறுபடி உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது. அதான?"

அடுத்து நான் சொல்லவிருந்ததை அவரே சொல்லிவிட்டார்.

மூன்று அடி டேங்க் வேனில் ஏறியது. அடுத்து வந்த கஸ்டமரிடம் கடைக்காரர், "அந்தப் பொண்ணக் கேளுங்க, நல்லா சொல்லும்" என்றார். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன்... பஸ்ஸில் உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

இப்போது கடை பெரிதாகிவிட்டது, ஏசி வந்துவிட்டது. அந்த ஒற்றை ஃபேன் கடையை நினைத்தால் லேசாக ஏக்கம் வரும். சனிக்கிழமைகளில், புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்குக் கடையிலேயே நான்தான் வகுப்பு எடுக்கிறேன்.

குரல் இன்னும் சின்னதுதான். பின்னால் உட்கார்ந்தால் கேட்காது.

எல்லாரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.