அறுபது கேள்விக்கும் பூஜ்யம்

அன்று சபையில் இருந்தவர்கள்: பாஸ்டர், பாஸ்டரம்மா, மனை வாங்கி விற்கும் மூப்பர், அவர் மனைவி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா தங்கை இருவர், நான். மொத்தம் எட்டுப் பேர். ஒன்பது பேர் வந்திருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்து அக்கா வரவில்லை.

எங்கே போனாலும் தலை எண்ணுவது என் வியாதி. கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். வீட்டில் வைத்தால் திருடு போகும் என்று இருக்கிற காசையெல்லாம் பையிலேயே தூக்கிக்கொண்டு திரிவேன். இது விசுவாசக் குறைவு என்று இருபது வருஷமாக எனக்காக ஜெபிக்காத ஆள் சபையில் இல்லை.

உறையூரில் தகரக் கூரை போட்ட சின்னச் சபை எங்களுடையது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம், யார் யாருக்குக் கர்த்தர் என்ன வரம் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க வகுப்பு வைத்திருந்தார்கள். தாளில் அறுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நமக்கு நாமே மார்க் போட வேண்டும். கூட்டினால் வரம் தெரிந்துவிடுமாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள். 'நீங்கள் இரக்கம் மிகுந்தவரா?' என்று கேட்டால், 'ஆமாம், மூன்று' என்று எந்தக் கையால் எழுதுவது? தாழ்மை, தாழ்மை என்று இவர்கள்தானே பிரசங்கம் பண்ணினார்கள்? அறுபதுக்கும் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன்.

"என்ன சிஸ்டர், கோழிப் பண்ணை வச்சிருக்கீங்களா? தாள் பூரா முட்டையா இருக்கு?" என்றார் பாஸ்டரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் என் பெயரை 'உதவி ஊழியம்' என்ற கட்டத்தில் எழுதினார். அதாவது பாய் விரிப்பது, டீ போடுவது, கூட்டுவது. நேற்று வரை வரம் இல்லாமலேயே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்!

மூப்பருக்குக் 'கொடுத்தல்' வரத்தில் முழு மார்க். அவரே போட்டுக்கொண்டது.

எனக்கு மனசு எதிலும் நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்து அக்கா தனியாக இருப்பவர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர். மழையிலும் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. போன் அணைந்து கிடந்தது.

"பாஸ்டர், அந்த அக்காவைப் போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"கவலைப்படுறதுன்னு ஒரு வரம் கிடையாது சிஸ்டர். உக்காருங்க."

"முப்பது வருஷம் தலை எண்ணினவன் நானே சும்மா இருக்கேன்," என்றார் கண்டக்டர். "ஒரு டிக்கெட் கொறைஞ்சதுக்கு வண்டியைத் திருப்பச் சொல்றீங்களே!"

மறுபடியும் சிரிப்பு. எனக்குக் காது மடல் சுட்டது. டீப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஒன்றும் இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருஷத்துக்கு இதைச் சொல்லிச் சிரிப்பார்களே என்ற பயம் ஒரு பக்கம். ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயம் இன்னொரு பக்கம்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. "காலம்பறலேர்ந்து தொறக்கலேம்மா, ஊருக்குப் போயிட்டாளோன்னு நெனச்சேன்," என்றார் வீட்டுக்கார மாமி. பின்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்கா அடுப்படியில் குப்புறக் கிடந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் தாழ்ப்பாளை உடைத்தார்கள். மூச்சு இருந்தது.

சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. "இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா வேற மாதிரிங்க," என்றார் டாக்டர். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது, முன்பணம் மூவாயிரம், மருந்துக்கு நானூற்றுத் தொண்ணூறு. எல்லாம் லைனிங் துணி வாங்க வைத்திருந்த காசு. விஷயத்தைச் சொன்னதும் போனில் மூப்பர் உருகிப் போனார். "கர்த்தர் என் உள்ளத்துல ஏவுறாரும்மா. இந்தச் செலவு என்னுது. நீங்க கட்டிடுங்க, நாளைக்கே தந்துடுறேன்." அழுதேவிட்டேன். நன்றி வேறு சொன்னேன்.

அடுத்த வாரம் ஞாயிறு ஆராதனையில் மூப்பர் சாட்சி சொல்ல எழுந்தார். வரத்தைக் கண்டுபிடித்த அன்றைக்கே அதைப் பயன்படுத்தக் கர்த்தர் வாய்ப்புக் கொடுத்தாராம். ஒரு சகோதரியின் ஆஸ்பத்திரிச் செலவை முழுதாக ஏற்றுக்கொண்டாராம். கைதட்டல். மெலிந்து போயிருந்த அக்கா எழுந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை அவர் கையில் கொடுத்துக் கும்பிட்டார். எனக்கு அந்தச் சீப்பைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து பாய் சுருட்டும்போது கேட்டேன். "அண்ணே, அந்தக் காசு?"

"அதான் சபையில சொல்லிட்டேனேம்மா."

"சபையில சொன்னீங்க. எங்கிட்ட கொடுக்கலியே."

சுற்றிலும் பார்த்துவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். "மீதியைக் கர்த்தருக்குன்னு விட்டுடுங்களேன். கணக்குப் பார்த்தா ஆசீர்வாதம் போயிடும்."

"கர்த்தருக்குன்னா என் பேர்லயே கொடுத்துக்குறேன். உங்க பேர்ல நான் எதுக்குக் கொடுக்கணும்?"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. பாஸ்டரம்மா ஓடி வந்தார். "கோபப்படாதீங்க சிஸ்டர், உங்க பேரை இரக்கம்ங்கிற கட்டத்துக்கு மாத்திடுவோம்."

"ஒரு கட்டமும் வேண்டாங்க. அழிச்சுடுங்க."

எதை விட்டுவிடு என்று இருபது வருஷம் எனக்காக ஜெபித்தார்களோ, அதுதான் அன்றைக்கு அந்தக் கதவை உடைத்தது. கர்த்தர் கொடுத்ததைக் குறை என்று சொல்லி என்னையே நம்ப வைத்தார்களே, அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை. இப்போதும் சபையில் தலை எண்ணுகிறேன். ஒன்று குறைந்தால் யாரையும் கேட்பதில்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.

மூப்பரின் பெயர் இன்னும் அதே கட்டத்தில்தான் இருக்கிறது. அவர் எனக்குத் தர வேண்டியது மூவாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய்.